கிண்ணம் நிறையத் தினை... ஆனாலும் வீட்டுக் கிளிக்குச் சத்துக் குறைபாடு! ஏன்? என்ன கொடுக்க வேண்டும்?

வீட்டில் கிளி வளர்ப்பவர்களிடம் "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தினைதாங்க. கிண்ணம் எப்பவும் ஃபுல்லாத்தான் இருக்கும்."

பிரச்சினையே அந்த ஃபுல் கிண்ணம்தான். கூண்டுக் கிளிகளுக்கு வரும் கல்லீரல் கொழுப்பு, மூக்கடைப்பு, முட்டை சிக்கிக்கொள்வது, வலிப்பு எனப் பல நோய்களுக்குப் பின்னால் இருப்பது பட்டினி இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே உணவைச் சாப்பிடுவதுதான். நன்றாகக் கவனித்தால் ஒரு காக்டெய்ல் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். ஆப்ரிக்கன் கிரே 40 ஆண்டுகளைத் தாண்டும். அந்த ஆயுளில் பாதியைக்கூடப் பார்க்காமல் பறவைகள் போய்ச் சேர்வதற்குச் சாப்பாடு ஒரு முக்கியக் காரணம்.

நல்ல செய்தி, இதைச் சரிசெய்ய நம் வீட்டுச் சமையலறையே பாதி போதும். எப்படி என்று பார்க்கலாம்.

*முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கிளி?*

இந்தக் கேள்விக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சட்டம். இன்னொன்று, சாப்பாடு.

கழுத்தில் வளையம் போட்ட நம்ம ஊர் பச்சைக்கிளி, அதைவிடப் பெரிய அலெக்ஸாண்டர் கிளி போன்ற இந்தியக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது, வாங்குவது, விற்பது எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். "சின்ன வயசுலேர்ந்து வளர்க்கறோம்", "கீழே விழுந்து கிடந்துச்சு" என்பதெல்லாம் சட்டத்தின் முன் எடுபடாது. கிளி ஜோசியர்களுக்கும் இதே சட்டம்தான். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்த விவகாரத்தில் வனத்துறை நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கலாம். வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. நீங்களாகத் திறந்துவிட வேண்டாம். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பிக்கவும் தெரியாது.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? வெளிநாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட இனங்களை வளர்க்கலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கொளத்தூர் கடைகளிலும் "லவ் பேர்ட்ஸ்" என்று ஜோடியாக விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியப் பறவை. உண்மையான லவ் பேர்டை நம் ஊரில் "ஆப்ரிக்கன் லவ் பேர்ட்" என்பார்கள். கொண்டை வைத்த காக்டெய்லும் ஆஸ்திரேலியாதான். சன் கான்யூர், மக்காவ் எல்லாம் தென் அமெரிக்கப் பக்கம்.

ஆப்ரிக்கன் கிரே, மக்காவ், சன் கான்யூர் போன்ற, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். 2024-ல் வந்த விதிகள் இவை. பட்ஜி, காக்டெய்ல் அந்தப் பட்டியலில் இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம்.

*காட்டுல விதையைத்தானே சாப்பிடுது? அப்புறம் தினை மட்டும் கொடுத்தா என்ன தப்பு?*

நியாயமான கேள்வி. பட்ஜியும் காக்டெய்லும் ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் புல் விதைகளைத் தின்று வாழும் பறவைகள்தான். ஆனால் மூன்று வித்தியாசங்கள் உண்டு.

ஒன்று, அங்கே ஒரே விதை கிடையாது. பல வகைப் புற்கள், பால் பிடித்த இளம் கதிர், துளிர், பூ மொட்டு என்று பருவத்துக்கு ஏற்ப மாறும். காய்ந்த விதையில் இல்லாத சத்துகள் பச்சை விதையில் உண்டு.

இரண்டு, தண்ணீரும் இரையும் தேடி அவை நாள்தோறும் பல கிலோமீட்டர் பறக்கின்றன. உண்ட மாவுச்சத்தும் கொழுப்பும் அங்கேயே செலவாகிவிடும். இரண்டடிக் கூண்டில் இருக்கும் பறவைக்கு அந்தச் செலவு இல்லை. வரவு மட்டும்தான்.

மூன்று, அங்கே தேர்வு பறவையிடம் இருக்கிறது. இங்கே உங்கள் கையில் இருக்கிறது.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா மெக்கானிக் ஜோசப் சேகர் தன் வீட்டு மொட்டைமாடியில் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்கு அரிசி வைத்துவந்தது பிரபலமான செய்தி. "அந்தக் கிளிங்க அரிசி தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கலாம். அவை சுதந்திரப் பறவைகள். அரிசியைக் கொத்திவிட்டுப் பறந்துபோய், கொய்யா, வேப்பம்பழம், மரத் துளிர் என்று மிச்சத்தை ஊரெல்லாம் தேடிக்கொள்ளும். கூண்டுக் கிளிக்கு அந்த வழி இல்லை. நீங்கள் கிண்ணத்தில் வைக்காத சத்து அதன் உடம்பில் எங்கிருந்தும் வராது.

*"மிக்ஸ்டு சீட்ஸ்தான் வாங்கறேன்"... அது போதாதா?*

போதாது. கலவையில் பத்து வகை இருக்கலாம். பறவை தின்பது இரண்டு, மூன்றைத்தான். பிரியாணியில் பீஸை மட்டும் பொறுக்கும் பிள்ளைகளைப் போல, பெரும்பாலான கிளிகள் முதலில் சூரியகாந்தி விதையைத்தான் தேடும். உரித்த சூரியகாந்திப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி எடை கொழுப்பு. அதைத் தின்று வயிறு நிறைந்தால் மற்றவை அப்படியே கிடக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு நாம் மறுபடியும் புதுக் கலவை போடுவோம். மறுபடியும் சூரியகாந்தி மட்டும் காலி.

பறவைக்கு எது பிடிக்கிறதோ அதுதான் அதற்குத் தேவையானது என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

*விதை மட்டும் தின்றால் உடம்பில் என்ன நடக்கும்?*

*வைட்டமின் ஏ குறையும்.* தினை, சூரியகாந்தி, நெல் எதிலும் இது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. மூக்கு, வாய், தொண்டை, சிறுநீரகக் குழாய் ஆகியவற்றின் உள்பக்கம் ஈரமான மென்சவ்வு இருக்கும். கிருமிகளைத் தடுக்கும் முதல் சுவர் அதுதான். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் அந்தச் சவ்வு தடித்து, காய்ந்து, செதில் செதிலாகிவிடும். அதன் பிறகு அடிக்கடி தும்மல், மூக்கு ஒழுகல், கண்ணைச் சுற்றி வீக்கம், வாய்க்குள் வெள்ளைக் கட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "அடிக்கடி சளி பிடிக்குது" என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருப்போம். காரணம் கிண்ணத்தில் இருக்கும்.

*கால்சியம் குறையும்.* 100 கிராம் தினையில் கால்சியம் சுமார் 30 மில்லிகிராம்தான். பாஸ்பரஸோ அதைவிடப் பல மடங்கு. பாஸ்பரஸ் இப்படி ஏறிக்கிடந்தால், இருக்கும் கொஞ்சக் கால்சியமும் உடம்பில் சரியாகச் சேராது. முட்டையிடும் பட்ஜி, காக்டெய்ல், லவ் பேர்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஓடு கட்டவும், முட்டையைத் தள்ளும் தசை இயங்கவும் கால்சியம் வேண்டும். இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆப்ரிக்கன் கிரே இனத்தில் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும்.

*அயோடின் குறையும்.* இது பட்ஜிகளில் அதிகம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கி, மூச்சுக்குழாயையும் இரைப்பையையும் அழுத்தும். மூச்சு விடும்போது "க்ளிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், தின்றதைக் கக்கும்.

*கொழுப்பு ஏறும்.* கல்லீரலில் படியும். அலகு அளவுக்கு மீறி வளரும், இறகு மங்கும், வயிற்றுப் பக்கம் கட்டி தெரியும். "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று நாம் சந்தோஷப்படும் கட்டம் இதுதான்.

இவை எதுவும் ஒரு வாரத்தில் வருவதில்லை. மாதங்கள், வருடங்கள் ஆகும். அதனால்தான் யாரும் சாப்பாட்டைச் சந்தேகப்படுவதில்லை.

*சரி, கிண்ணத்துல என்னதான் வைக்கறது?*

மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பெல்லட், காய்-கீரை, விதை. பழம், பருப்பு வகை எல்லாம் மேலே தூவும் கொசுறு.

*1. பெல்லட்*

தானியம், பயறு, வைட்டமின், தாது எல்லாவற்றையும் அரைத்து, வேகவைத்து, சின்ன உருண்டையாகச் செய்தது. ஒவ்வொரு உருண்டையிலும் எல்லாச் சத்தும் இருப்பதால் பொறுக்கித் தின்ன முடியாது. சன் கான்யூர், ஆப்ரிக்கன் கிரே போன்ற இனங்களுக்கு மொத்த உணவில் 60 முதல் 70 சதவீதம் வரை பெல்லட் இருக்கலாம் என்பது பறவை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பட்ஜி, காக்டெய்லுக்கு பாதி அளவு போதும். பறவையின் அளவுக்கு ஏற்ற உருண்டை வாங்குங்கள். சாயம், சர்க்கரை சேர்க்காதது நல்லது. பெல்லட் கொடுக்கும்போது தனியாக வைட்டமின் சொட்டு மருந்து வேண்டாம். வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறினால் நச்சு.

*2. காய், கீரை*

தினமும் வேண்டும். வைட்டமின் ஏ-க்கு ஆரஞ்சு, அடர் பச்சை, சிவப்பு நிறங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

- கேரட், மஞ்சள் பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய்
- முருங்கைக் கீரை: வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் நிறைந்தது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. இதைவிட மலிவான சப்ளிமென்ட் நம் ஊரில் கிடையாது.
- கொத்தமல்லி, வெந்தயக் கீரை: பட்ஜிகள் சீக்கிரம் பழகிக்கொள்பவை
- கோவைக்காய், பீன்ஸ், புரோக்கோலி, பச்சைப் பட்டாணி
- முளைகட்டிய பச்சைப்பயறு, கம்பு, கேழ்வரகு. கேழ்வரகில் மற்ற தானியங்களைவிடக் கால்சியம் பல மடங்கு அதிகம்.

பாலக்கீரையை எப்போதாவது கொடுக்கலாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெள்ளரி, லெட்யூஸ் கெடுதல் இல்லை, ஆனால் பெரும்பாலும் தண்ணீர்தான். எதுவாக இருந்தாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொடுங்கள். பூச்சிமருந்து நமக்கு என்ன செய்யுமோ, 35 கிராம் பறவைக்கு அதைவிட அதிகம் செய்யும்.

*3. விதை*

விதையை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. பட்ஜி, காக்டெய்லுக்கு உணவில் மூன்றில் ஒரு பங்கு வரை தினை, சாமை, கம்பு போன்ற சிறுதானியமாக இருக்கலாம். சூரியகாந்தி விதையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டதும் வந்தால் ஒன்று, கூண்டுக்குள் போனால் ஒன்று. பரிசாகக் கொடுத்தால் அதற்கு மதிப்பும் இருக்கும், அளவும் குறையும்.

*4. கொசுறு*

கொய்யா, பப்பாளி, மாதுளை, மாம்பழம் கொடுக்கலாம். பட்ஜிக்கு உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு, அதுவும் வாரத்தில் மூன்று, நான்கு நாள் போதும். சர்க்கரை இருக்கிறது. வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துண்டு, இறகு உதிரும் காலத்திலும் முட்டையிடும் காலத்திலும் நல்லது. ஆப்ரிக்கன் கிரே, மக்காவுக்கு பாதாம், வால்நட் ஒன்றிரண்டு தரலாம்.

*5. கடல் நுரை*

கணவாய் மீனின் ஓடு. கடைகளில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும். கூண்டில் எப்போதும் தொங்கட்டும். கால்சியம் கிடைக்கும், அலகும் தேயும். ஆனால் மணல், சிறு கல் வைக்கத் தேவையில்லை. கோழி, புறா விதையை முழுதாக விழுங்குவதால் அரைக்கக் கல் வேண்டும். கிளி தோலை உரித்துத் தின்னும் பறவை.

*எவ்வளவு?*

தொடங்குவதற்கு ஒரு தோராயக் கணக்கு இது. எடையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

- பட்ஜி (30–40 கிராம் எடை): பெல்லட்டும் தினையும் சேர்த்து நாளுக்கு 2 டீஸ்பூன். காய்-கீரை 1 அல்லது 2 டீஸ்பூன்.
- காக்டெய்ல் (80–100 கிராம்): பெல்லட்டும் விதையும் ஒன்றரை முதல் 2 டேபிள்ஸ்பூன். காய்-கீரை 1 டேபிள்ஸ்பூன்.
- சன் கான்யூர் (100–120 கிராம்): காக்டெய்ல் அளவேதான், ஆனால் விதை குறைவு, காய்-பழம் கொஞ்சம் கூடுதல்.
- ஆப்ரிக்கன் கிரே (400–500 கிராம்): பெல்லட் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன். காய்-கீரையும் கிட்டத்தட்ட அதே அளவு.

*ஆபீஸ் போறவங்களுக்கு ஒரு டைம்டேபிள்*

காலை 7 மணி: பசி அதிகம் இருக்கும் நேரம். புதிய உணவைப் பழக்க இதுதான் சரியான நேரம். நறுக்கிய காய், கீரை, முளைகட்டிய பயறு வையுங்கள். தண்ணீரை மாற்றுங்கள்.

ஆபீஸ் கிளம்பும்போது: மிச்சமிருக்கும் காயை எடுத்துவிட்டு பெல்லட் வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஈரமான உணவு இரண்டு, மூன்று மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும்.

மாலை: தண்ணீர் மறுபடியும் மாற்ற வேண்டும். அளந்து வைத்த விதை. கூண்டைவிட்டு வெளியே எடுத்து, கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாம் மூடிய அறையில் கொஞ்ச நேரம் பறக்கவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான காயை நறுக்கி, நாளுக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலை நேர டென்ஷன் இல்லை. கேரட், பூசணி, பீன்ஸ், பட்டாணிக்கு இது சரிவரும். முதல் நாள் இரவே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்ச்சி போனபின் கொடுங்கள். கீரை மட்டும் அன்றன்று.

ஒரு எச்சரிக்கை: கிளி தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்று, உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்தே தெரியும். உள்ளே ஒரு விதைகூட இருக்காது. உமியை ஊதிப் பார்க்காமல் "சாப்பாடு இருக்கே" என்று விட்டு, பறவை பட்டினியில் இறந்த கதைகள் உண்டு. தினமும் ஊதிப் பாருங்கள்.

*"எங்க கிளி தினையைத் தவிர எதையும் தொடாதுங்க!"*

பெரும்பாலானோர் கைவிடும் இடம் இது. இரண்டு நாள் கேரட் வைப்பார்கள், அது பயந்து ஒதுங்கும், "இதுக்குப் பிடிக்கல" என்று முடித்துவிடுவார்கள். கிளிக்குப் பிடிக்கவில்லை என்பதல்ல, அது உணவு என்றே அதற்குத் தெரியவில்லை. குஞ்சாக இருந்தபோது தாய் எதைக் கொத்தியதோ அதைத்தான் அது உணவாக அறிந்திருக்கும். எனவே அறிமுகப்படுத்த வேண்டும்.

முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு போதும். தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை பார்த்து மொபைலில் குறித்துவையுங்கள். இந்த ஒரு பழக்கம்தான் மாற்றத்தைப் பாதுகாப்பாக ஆக்குகிறது.

முதல் வாரம்: தினையை லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பெல்லட்டைப் பொடித்து அதன்மேல் புரட்டுங்கள். தினையை உரிக்கும்போது பொடியின் ருசி நாக்கில் படும். இன்னொரு கிண்ணத்தில் முழு பெல்லட் சும்மா இருக்கட்டும்.

இரண்டு, மூன்றாம் வாரம்: முக்கால் பங்கு தினை, கால் பங்கு பெல்லட்.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: பாதிக்குப் பாதி. பட்ஜி, காக்டெய்லுக்கு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்ற இனங்களுக்கு மேலும் இரண்டு, மூன்று வாரம் எடுத்து விதையைக் குறைக்கலாம்.

கீரைக்குச் சில தந்திரங்கள்: ஈரமான கொத்தமல்லிக் கட்டைக் கூண்டுக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பட்ஜி முதலில் அதில் குளிக்கும், பிறகு கடிக்கும், பிறகு தின்னும். கேரட்டைத் துருவி தினையோடு கலக்கலாம். இன்னொன்று, நீங்கள் அதன் எதிரில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுங்கள். கிளி கூட்டமாக உண்ணும் பறவை. கூட்டத்தில் ஒருவர் தின்றால் தானும் தின்று பார்க்கும். அந்தக் கூட்டம் இப்போது நீங்கள்தான்.

*எக்காரணம் கொண்டும் "பசிச்சா தானா சாப்பிடும்" என்று விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.* பட்ஜி போன்ற சின்னப் பறவை ஓரிரு நாள் சாப்பிடாவிட்டாலே உயிருக்கு ஆபத்து. எடை 10 சதவீதம் குறைந்தால், அதாவது 35 கிராம் பட்ஜிக்கு மூன்றரை கிராம் குறைந்தால், பழைய உணவுக்குத் திரும்பிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எச்சம் மிகக் குறைந்து, கரும்பச்சையாக இருந்தாலும் அது சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

*கூடவே கூடாதவை*

- அவகாடோ: இதிலுள்ள பெர்சின் என்ற பொருள் கிளியின் இதயத்தைத் தாக்கும். ஒரு துண்டுகூட வேண்டாம்.
- சாக்லேட், டீ, காபி, மது
- வெங்காயம், பூண்டு
- ஆப்பிள் விதை: உடைபடும்போது சயனைடு உருவாகும். விதையை எடுத்துவிட்டு ஆப்பிள் தரலாம்.
- வேகாத ராஜ்மா போன்ற பெரிய பயறுகள்
- பூஞ்சை பிடித்த வேர்க்கடலை: அஃப்ளடாக்சின் நேராகக் கல்லீரலைத் தாக்கும். கடலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நாம் சாப்பிடும் தரத்தில் வறுத்த, உப்பில்லாதது ஒன்று.
- பால்: பறவைகளுக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் கிடையாது.
- மிக்சர், முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட்

கடைசி வரியில்தான் எல்லோரும் வழுக்குவோம். "ஒரு துண்டு பிஸ்கட்தானே?" ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 35 கிராம் பட்ஜி 2 கிராம் பிஸ்கட் தின்பது, 70 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 4 கிலோ பிஸ்கட் தின்பதற்குச் சமம்.

சாப்பாடு இல்லை என்றாலும் சமையலறை விஷயம் ஒன்று: நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, கிளியைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் இருக்கலாம். கூண்டு சமையலறைப் பக்கமே வேண்டாம். கொசுவத்தி, சாம்பிராணிப் புகைக்கும் தூரம் வையுங்கள்.

*வழக்கமாக வரும் சில கேள்விகள்*

*மிளகாய் கொடுத்தால் நன்றாகப் பேசுமா?*

இல்லை. பேசுவதற்கும் மிளகாய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் கிளி மிளகாயை ரசித்துத் தின்பது உண்மை. நமக்கு எரிச்சலைத் தருவது கேப்சைசின் என்ற பொருள். அதை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளிடம் உள்ள ஏற்பி கேப்சைசினுக்கு அசைவதில்லை. அதனால் காரம் தெரியாது. மிளகாயில் வைட்டமின்கள் உண்டு, கொஞ்சம் தரலாம். அதைத் தின்ற அலகு உங்கள் கண்ணருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*இட்லி, சாதம் தரலாமா?*

உப்பு, எண்ணெய், தாளிப்பு இல்லாத வெறும் சாதம் கொஞ்சம் தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் வயிறு நிறையும், சத்து கிடைக்காது. தயிர் சாதம், புளி சாதம் வேண்டாம்.

*வாயிலிருந்து வாய்க்கு ஊட்டலாமா?*

வேண்டாம். நம் எச்சிலில் இயல்பாக இருக்கும் பாக்டீரியா கிளிக்கு நோய் தரக்கூடியது. அதேபோல் பறவையிடமிருந்து நமக்கும் சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று வரலாம். கூண்டைச் சுத்தம் செய்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

*தண்ணீரில் வைட்டமின் கலக்கலாமா?*

மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். கிருமியும் வேகமாகப் பெருகும்.

*வெயிலில் வைக்க வேண்டுமா?*

ஆம். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். இளவெயிலில் 15, 20 நிமிடம் போதும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கூண்டின் ஒரு பகுதியில் நிழல் இருக்கட்டும். காக்கை, பூனை வராமல் பக்கத்திலேயே இருங்கள்.

*குஞ்சு வாங்கினால் மலிவு, கையில் ஊட்டி வளர்க்கலாம் என்கிறார்களே?*

அனுபவம் இல்லாவிட்டால் வேண்டாம். பால், பிஸ்கட், குழந்தைகளுக்கான மாவு எதுவும் கிளிக்குஞ்சுக்கு உகந்ததல்ல. அதற்கென்று உள்ள மாவையும் சரியான சூட்டில் தர வேண்டும். சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், குறைந்தால் செரிக்காது. கொஞ்சம் தவறினால் மூச்சுக்குழாயில் போகும். தானாகத் தின்னப் பழகிய பறவையை வாங்குங்கள்.

*டாக்டரிடம் எப்போது ஓட வேண்டும்?*

காட்டில் சோர்ந்து தெரியும் பறவைதான் முதலில் இரையாகும். அதனால் கிளி கடைசி வரை நோயை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் முற்றிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, தின்றதைக் கக்குவது, முட்டையிட முக்கிக்கொண்டே இருப்பது, நாள் முழுக்க சாப்பிடாமல் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போங்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். பீட்ரூட் தின்றால் எச்சம் சிவப்பது மட்டும் இயல்பு, பயப்பட வேண்டாம்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கூண்டுப் பறவைகளைப் பார்ப்பதில்லை. நோய் வருவதற்கு முன்பே உங்கள் பகுதியில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து எண்ணைச் சேமித்துவையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோவதும், அப்போது என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்ற பட்டியலை மருத்துவரிடம் காட்டுவதும் நல்லது.

*இன்றைக்கே செய்யக்கூடியவை*

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இன்று கிண்ணத்தில் உள்ள உமியை ஊதிப் பாருங்கள். சூரியகாந்தி விதையைத் தனியாக எடுத்துவையுங்கள். நாளைக் காலை, சாம்பாருக்கு ஆயும் முருங்கைக் கீரையில் ஒரு இணுக்கை நன்றாக அலசி, கூண்டுக் கம்பியில் செருகுங்கள். முதல் நாள் தொடாது. அடுத்த நாளும் புதிதாக ஒன்றைச் செருகுங்கள்.